பல் குடித்த கதை

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று தடவை தொலைபேசி எடுத்துவிட்டார். அதிபர்மார், புதுக் கட்டடம், பிக் மட்ச் கிரிக்கெட் எல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள், நான் எழுத்துப் படிக்கத் தொடங்கிய அரிவரி வகுப்பைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "அரிவரியில என்னக்கா கிடக்கு எழுத?" என்று சிரித்தார். கிடக்குது தம்பி.

எங்கள் அரிவரி ரீச்சரின் பெயரை நான் எழுதவில்லை, எழுதினால் அவருக்குப் பிடித்திருக்காது. 1960களின் கடைசி அது. விஜயதசமிக்கு ஏடு தொடக்கி, தட்டில் பரப்பிய பச்சையரிசியில் ஐயர் விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்து, ஆனா ஆவன்னா ஈனா ஈயன்னா என்று மூச்சு விடாமல் ஒப்புவித்துக்கொண்டு வந்து சேர்ந்த கூட்டம் நாங்கள். 247 எழுத்துக்கும் பெயர் தெரியும், ஒரு சொல் வாசிக்கத் தெரியாது. இப்போது யோசித்தால் அதில் எங்கள் பிழை ஒன்றுமில்லை. அம்மா என்ற சொல்லை 'ஆனா, இம்மன்னா, மாவன்னா' என்று எழுத்துக் கூட்டினால் எந்தப் பிள்ளைக்கு அம்மா வருவாள்? குறில் அகரத்துக்கு நெடிலில் தொடங்கி 'ஆனா' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது.

ரீச்சர் முதலில் செய்த வேலை அந்தப் பெயர்களை வகுப்புக்கு வெளியே விட்டதுதான். "இனி ஒருத்தரும் எழுத்துக்குப் பேர் சொல்லக் கூடாது. அது என்ன சத்தம் போடுது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை கொண்டுவரச் சொன்னார். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு, மெய்யெழுத்து வந்தால் தட்டக் கூடாது, இரண்டு சிரட்டையையும் ஒன்றோடொன்று பொத்தி மூட வேண்டும். பட்டம்: தட்டு, மூடு, தட்டு, மூடு. பாட்டு: தட்டு தட்டு, மூடு, தட்டு. முப்பது பிள்ளைகள் அறுபது சிரட்டையோடு இருந்தால் பக்கத்து வகுப்பு மாஸ்ரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்காதீர்கள். பிறகு பெரிய வகுப்பில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை மாத்திரை என்று இலக்கணம் படித்தபோது மற்றவர்கள் பாடமாக்கினார்கள், எனக்குச் சிரட்டைச் சத்தம் கேட்டது.

அதற்காக நான் கெட்டிக்காரி என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சிலேட்டில் எழுதச் சொன்னார். நான் 'பல் குடித்தேன்' என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். ரீச்சர் சிரிக்கவில்லை. "தட்டிக் காட்டு பாப்பம்" என்றார். தட்டு, மூடு. திரும்பவும் தட்டு, மூடு. மூன்றாம் தடவைதான் எனக்கே கேட்டது, ஓடிப்போய் பகரத்துக்குப் பக்கத்தில் அரவு (ா) போட்டுப் 'பால்' ஆக்கிக்கொண்டு வந்தேன். ரீச்சர் சிரிக்காததற்கும் சேர்த்து வகுப்பு சிரித்தது. ஐந்தாம் வகுப்பு வரை எனக்குப் 'பல்லு' என்றுதான் பெயர், அந்தப் பெயரை வைத்தவர் இப்போது இலண்டன் கிளையில் பொருளாளர்.

அப்புறம் புலி-புளி. ரீச்சர் புலி என்றால் எல்லோரும் வாங்கில் ஏறி நிற்க வேண்டும், புளி என்றால் முகத்தைச் சுளிக்க வேண்டும். ஏறிக்கொண்டே சுளிக்கிறவர்கள்தான் அதிகம். ழகரம் மட்டும் லேசில் வரவில்லை, எங்கள் ஊரில் மழையும் மளைதான், பழமும் பளம்தான். நாக்கை வளைத்து மேலே கொண்டுபோ, ஆனால் அண்ணத்தில் படக் கூடாது, பட்டால் அவுட் என்பது சட்டம். வாய்க்குள் நடப்பது வெளியில் தெரியுமா? அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், "பட்டிட்டுது, அங்கால நில்" என்பார். அவர் கணிப்பு ஒரு நாளும் பிழைத்ததில்லை.

இங்கே கனடாவில் என் பேத்தி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள், ஆறு வயது. போன மாதம் தாளொன்றைக் கொண்டுவந்து ரொறன்ரோ என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து, ரகரத்தை நன்றாக உருட்டி வாசித்துவிட்டு, "அம்மம்மா, இது எந்த ஊர்?" என்று கேட்டாள். என்ன சொல்ல? ஆங்கில T-க்குத் தமிழ்நாட்டார் டகரம் போடுவார்கள், எங்களுக்கு ரீச்சரும் ரிக்கற்றும் ரகரத்தில்தான் தொடங்கும். காற்று, வெற்றி என்னும்போது யாழ்ப்பாணத்து நாக்குப் படுகிற இடம்தான் அந்த ஆங்கில எழுத்தின் இடம் என்று ஆறு வயதுக்கு விளங்கப்படுத்த ஏலாது. சிரட்டைக்கு எங்கே போவது, தயிர்க் கோப்பை இரண்டைக் கழுவிக் கொடுத்தேன். தட்டு, தட்டு, மூடு, தட்டு தட்டு. கணக்குச் சரி. எந்த ஊர் என்பதைத் தாய் வேலையால் வந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.