ஏழு தடவை

பொலிஸ் நிலைய மேசைக்கு முன்னால் மூன்று கதிரைகள். நடுவில் அவள், ஒரு பக்கம் தாய், மறுபக்கம் நான். அவளுக்குப் பாலியல் தொந்தரவு செய்தவன்மேல் முறைப்பாடு கொடுக்க வந்திருந்தோம். பிறவியிலேயே காது கேளாதவள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடம் போனதில்லை, காது கேளாதோருக்கான கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்த பிள்ளைகள் கதைக்கும் சைகை மொழி அவளுக்குத் தெரியாது. தாயும் மகளும் வீட்டுக்குள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட சைகைகள்தான் அவளுடைய மொழி.

உத்தியோகத்தர் தாயைப் பார்த்துக் கேட்டார். "என்னவாம் அம்மா? ஆராம் ஆள்?"

அவள் வலக்கை விரல்களால் இடது மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தாள். கைக்கடிகாரம் கட்டுகிறவன். பிறகு ஐந்து விரலையும் விரித்து மடக்கி, இரண்டு விரலைக் காட்டினாள். தாய் அந்தக் கையைப் பிடித்து மடியில் அமர்த்தினார்.

"ஒருக்காக் கையைப் பிடிச்சவனாம் சேர்."

வாக்குமூலத்தில் 'ஒரு தடவை' என்று ஏறியது. நான் வாய் திறக்கவில்லை. பெற்ற தாய் இருக்கும்போது கூடவந்த நான் எப்படிக் குறுக்கே பேசுவது என்று இருந்துவிட்டேன். மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்த இத்தனை வருடங்களில் நான் விட்ட பிழைகளில் இன்றும் உறுத்துவது அதுதான்.

தாயை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆள் சொந்தக்காரன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த அம்மா அழுதார். "நான் கண்ணை மூடினால் இவளை ஆர் பாக்கிறது பிள்ளை? அந்தச் சனம்தானே." தொந்தரவு செய்கிறவனின் வீட்டுச் சோற்றைத்தான் நாளைக்கு நம்பியிருக்க வேண்டும் என்றால், எந்தத் தாயும் ஏழு தடவையை ஒரு தடவையாக்கத்தான் பார்ப்பாள். அந்த நேரத்தில் மொழிபெயர்க்கும் பொறுப்பை அவரிடம் விட்டது எங்கள் பிழை.

சட்டம் இல்லாமல் இல்லை. வாய் பேச முடியாத சாட்சி எழுதியோ சைகையாலோ திறந்த மன்றில் சாட்சியம் அளிக்கலாம், அது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும் என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 119ஆம் பிரிவே சொல்கிறது. பாலியல் தொந்தரவுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயம், பொலிஸாருக்கு இதற்கென்றே பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. ஆனால் வழக்கு பிறப்பது அந்த மேசையில். நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் சைகையை அங்கே பார்க்க ஆளில்லாவிட்டால் அது மன்றுவரை போய்ச்சேராது.

இன்னொருவர், யுத்தத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர். 'நொண்டி' என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தி, நாற்காலியைத் தள்ளி விழுத்திய அயலவன்மேல் வழக்குப் போட்டார். முதல் தவணைக்குப் போனால் படிக்கட்டு. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன் எதிரியின் தம்பி. "அவன்ர கையிலதானே தங்கச்சி நான் இருந்தனான். மேல போய் அவன்ர தமையனுக்கு எதிரா என்னத்தைச் சொல்லுறது?" அடுத்த தவணைக்கு அவர் போகவில்லை. முறைப்பாட்டுக்காரர் வரவில்லை என்றுதான் பதிவாகியிருக்கும்.

பஸ்ஸில் வெள்ளைப்பிரம்பை இழுத்துப் பார்க்கிற பெடியளைப் பற்றியோ, மிச்சக்காசைக் குறைத்துக் கொடுக்கிற கடைக்காரரைப் பற்றியோ யாரும் முறைப்பாடு என்று வந்ததே இல்லை. நாங்கள் கேட்டால்தான் சொல்வார்கள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இரண்டு கிழமை கழித்து அவளை மறுபடியும் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கைதடியில் படித்த, காது கேளாத ஒரு அக்காவையும் சேர்த்துக்கொண்டேன். அதற்கு முன் அவர் நாலு பின்னேரம் அவளோடு இருந்து அவளுடைய சைகைகளைப் பழகியிருந்தார். தாயை வெளியே வாங்கில் இருத்தினோம். அன்றைக்கு இருந்த பெண் உத்தியோகத்தர் கதிரையைத் திருப்பி அவளுக்கு நேரே போட்டார். மணிக்கட்டு, ஐந்து விரல், இரண்டு விரல். அந்த அக்கா எழுதிக் காட்ட, நான் வாசிக்க, மேலதிக வாக்குமூலம் எழுத ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. கடைக்குப் போய்வந்த பழக்கத்தில் இலக்கம் தெரியும். பெருவிரல் அடையாளம் வைக்கத் தாளை நீட்டியபோது உடனே வைக்கவில்லை. வரிவரியாக விரலை ஓட்டித் தேடினாள். மூன்றாம் வரியில் 7 இருந்தது. அதைத் தொட்டு உத்தியோகத்தரின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். பிறகுதான் மைப்பெட்டியில் விரலை வைத்தாள்.