டீக்கடையில் தொங்கிய லைட்டர்

கோவில்பட்டி டீக்கடைத் தூணில் இன்று காலை ஒரு லைட்டர், நூலில் கட்டித் தொங்கியது.

தீப்பெட்டி ஊரில்!

பக்கத்தில் நின்ற சித்தியின் கையைத்தான் பார்த்தேன். முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைத்த கை. குச்சியை எண்ணவே மாட்டார். ஒரு அள்ளு அள்ளினால் பெட்டிக்குச் சரியாக இருக்கும். கட்டைவிரல் ஓரம் இன்றும் காய்ப்புக் காய்த்துக் கிடக்கிறது.

பத்து ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டிக்குச் சமம் என்று 2022-ல் முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதினார். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது. சரி, அப்புறம் லைட்டர் உதிரி பாகமாக வந்தது. 2024 அக்டோபரில் அதற்கும் கட்டுப்பாடு.

லைட்டரைத் துறைமுகத்தில் நிறுத்தலாம். ஊருக்குள்ளேயே ஓடும் பெட்டி அடைக்கிற மெஷினை? அதை நிறுத்தச் சொல்லவும் எனக்கு மனமில்லை. தீக்குச்சி மருந்து நெடியில் சித்தி இருமிய ராத்திரிகள் தெரியும். ஆனால் அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். மெஷின் வந்த பிறகு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களுக்கு வேறு வேலை யார் கொடுத்தார்கள்?

சித்தி கடைக்காரரிடம் கேட்டார்:

"ரெண்டு ரூவாதான தம்பி, ஒரு பெட்டி வாங்கி வச்சா என்ன?"