மாவுக்குப் போட்ட குரங்கு குல்லா

நாலு வருஷம் முன்னாடி டிசம்பர் மாசம் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் கைக்கு வந்தப்போ ஆபீஸ்ல ஆளாளுக்கு கை குடுத்தாங்க, "ஊட்டியா, குடுத்து வச்சவன்யா நீ"ன்னு. மன்னார்குடிக்காரனுக்கு குளிரப் பத்தி என்ன தெரியும் சொல்லுங்க, மார்கழில காலைல தலைல துண்ட கட்டிக்கிட்டு டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்தா அதுதான் எங்க ஊர் குளிர், எட்டு மணிக்கெல்லாம் வெயில் வந்து துண்ட அவுத்துடும். அம்மா மட்டும்தான் கவலப்பட்டு பஜார்ல போய் ஒரு குரங்கு குல்லா வாங்கி பெட்டிக்குள்ள திணிச்சு விட்டாங்க, மெரூன் கலர்ல, கண்ணு மட்டும் தெரியற மாதிரி. அத நான் தலைல போடல. அது கதை அப்புறம் வருது.

முதல் வருஷம் தனியாத்தான் இருந்தேன், பாப்பா ஸ்கூல் முடியட்டும்னு வீட்ல ஊர்லயே இருந்தாங்க. மெஸ்ல சாப்பிடலாம்னு பாத்தா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வெளில போகவே மனசு வரல, சரி நம்மளே சமைப்போம்னு இறங்குனேன். எனக்கு சமையல் சுமாரா வரும், பேச்சிலரா இருந்தப்போ பழகினது. குக்கர் இன்னும் சாமானோட வந்து சேரலை, பரவால்ல பருப்புதானேன்னு சாதா பாத்திரத்துல துவரம்பருப்ப போட்டு வேக வச்சேன். தண்ணி தளதளன்னு கொதிக்குது, ஆவி ஜன்னல் கண்ணாடி பூரா படிஞ்சு வெளில ஒண்ணுமே தெரியல, ஒரு மணி நேரம் ஆச்சு, ஒண்ணே முக்கா மணி நேரம் ஆச்சு, ஒரு பருப்ப எடுத்து நசுக்கிப் பாத்தா நடுவுல வெள்ளையா கல்லு மாதிரி அப்படியே நிக்குது. அம்மாவுக்கு போன போட்டேன். "பழைய பருப்பா இருக்கும்டா, கடைக்காரன் தலைல கட்டிட்டான்"னாங்க. நானும் கடைக்காரர மனசுக்குள்ள நல்லா திட்டிட்டு அந்த அரைவேக்காட்டு பருப்பையே மோர் மிளகாயோட சாப்பிட்டுட்டு வயித்த பிடிச்சுக்கிட்டு படுத்தேன்.

கடைக்காரர் மேல தப்பே இல்ல. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க காத்தோட அழுத்தம் கம்மி, அதனால தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சுடும், அதுக்கு மேல எவ்ளோ தீய கூட்டினாலும் சூடு ஏறாது, ஆவிதான் ஜாஸ்தியா போகும். பத்தாங்கிளாஸ்ல படிச்சு மார்க் வாங்கின விஷயம்தான், ஆனா பருப்பு சொல்லித்தான் புரிஞ்சுது. மலைல குக்கர் வசதி இல்ல, அவசியம். அதுலயும் கீழ மூணு விசில் விட்ட பருப்புக்கு இங்க அஞ்சு, கொண்டக்கடலைன்னா முந்தின நாள் காலைலயே ஊறப் போடணும், ஏன்னா பச்சத்தண்ணி ஐஸ் மாதிரி கிடக்கறதால ராத்திரி மட்டும் ஊறினா பத்தாது. வெதுவெதுன்னு வெந்நீர் ஊத்தி ஊற வச்சா சரியா வருது.

அடுத்த அடி இட்லி மாவு. ஊர்ல ராத்திரி கரைச்சு வச்சா காலைல பாத்திரத்த விட்டு வழிஞ்சு மேடை பூரா ஓடும், அத தொடைக்கறதுக்கே அம்மா திட்டுவாங்க. இங்க ராத்திரி கரைச்சு வச்சேன், காலைல பாத்தா வச்சது வச்ச மாதிரியே இருக்கு. ஒரு பொட்டு பொங்கல. சந்தேகத்துல பாத்திரத்து மேல ஸ்கெட்ச் பேனாவால கோடு போட்டு வச்சுட்டு ஆபீஸ் போனேன், சாயங்காலம் வந்து பாத்தா கோட்டுக்கு மேல அரை இஞ்ச் கூட ஏறல. பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா சொன்னாங்க, "சார், இங்க மாவுக்கும் குளிரும், அதையும் போர்த்தி விடணும்". அவங்க கம்பளில சுத்தி அரிசி டின்னுக்குள்ள வைப்பாங்களாம், சில பேரு ஹாட் பேக்ல கொஞ்சம் வெந்நீர் ஊத்தி அதுக்குள்ள மாவு கிண்ணத்த இறக்கி மூடி வைப்பாங்களாம். எனக்கு அப்பதான் பெட்டில கிடந்த குல்லா ஞாபகம் வந்துச்சு. எவர்சில்வர் தூக்குல மாவ ஊத்தி மூடி, மேல குல்லாவ மாட்டினேன், அளவெடுத்து தச்ச மாதிரி உக்காந்துச்சு, கண்ணு வைக்கற ஓட்டை வழியா தூக்கு மூடியோட பிடி எட்டிப் பாக்குது. அத அப்படியே அரிசி டின்னுக்குள்ள வச்சேன். மறுநாள் ராத்திரி பொங்கிடுச்சு! இருவது மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஆனா அந்த நிதானப் புளிப்பு இருக்கு பாருங்க, அது எங்க ஊர் வெயில்ல வராது. ரெண்டு விஷயம் சேத்துக்கிட்டேன், உளுந்தோட வெந்தயம் ஒரு ஸ்பூன் கூட, அப்புறம் அரைக்கற தண்ணி வெதுவெதுப்பா. மிக்சி ஜார் சூடாகும், ஐஸ்வாட்டர் ஊத்துன்னு யூட்யூப்ல சொல்றதெல்லாம் கீழ இருக்கறவங்களுக்கு.

அதுக்கப்புறம் தயிருக்கும் அதே குல்லாதான். முறை போட்டு ஷிஃப்ட் ஓடுச்சு, திங்கள் வியாழன் மாவு, மத்த நாள் தயிர்.

தேங்காண்ணெய் கதையும் சொல்லணும். 24 டிகிரிக்கு கீழ போனாலே அது உறைய ஆரம்பிச்சுடும், இங்க வருஷத்துல முக்காவாசி நாள் அப்படித்தான், பாட்டில்ல வாங்கின அன்னிக்கே நான் முட்டாள் ஆயிட்டேன். வாய் அகலமான டப்பால மாத்தி கத்தியால வழிச்சுத்தான் எடுக்கணும். நெய் அத விட மோசம். வெண்பொங்கல் பண்ணி ஆசை ஆசையா உருக்கின நெய்ய ஊத்தினா, ரெண்டு வாய் வைக்கறதுக்குள்ள தட்டு ஓரத்துல வெள்ளையா மெழுகு மாதிரி பூத்துடும், நாக்கு மேல்தட்டுல பிசுக்குன்னு ஒட்டிக்கும். இதுக்கு ஒரே வழி, சாப்பிடறதுக்கு முன்னாடி தட்டுல வெந்நீர் ஊத்தி ஒரு நிமிஷம் வச்சு கொட்டிட்டு தொடச்சுட்டு சாதம் போடறதுதான். பைத்தியக்காரத்தனமா தெரியும், செஞ்சு பாருங்க. எவர்சில்வர் தட்டு இருக்கற சூடு மொத்தத்தையும் உறிஞ்சிடும், கனமான பீங்கான் தட்டுன்னா கொஞ்சம் தாங்கும்.

குளிருக்கு என்ன சாப்பிடலாம்னு யார்கிட்ட கேட்டாலும் சுக்கு காபின்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு பிடிக்காது, அது மருந்து, சாப்பாடு இல்ல. எனக்கு சாப்பாடுன்னா ரசம். ஆனா அதையும் இங்க வந்து மாத்த வேண்டியதாப் போச்சு. ஊர்ல அம்மா வைக்கறது தக்காளி ரசம், பருப்புத்தண்ணி விட்டு, நுரை கட்டி வரும்போது டக்குனு இறக்கி கொத்தமல்லி போட்டு மூடிடுவாங்க. அதே மாதிரி வச்சா இங்க தண்ணியா, ஏதோ ஆறிப்போன மாதிரி இருந்துச்சு. பல தடவ சொதப்பினதுக்கு அப்புறம் இப்ப ஒரு கணக்கு செட்டாயிருக்கு. ரெண்டு பேருக்கு மிளகு ஒண்ணரை ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், இந்த ஊர் பூண்டு எட்டு பல்லு, தோலோட. இங்க விளையற பூண்டுக்கு காரம் ஜாஸ்தி, உரிக்கும்போதே விரல்ல ஒட்டிக்கும், வாசனை மறுநாள் ஆபீஸ் ஃபைல் வரைக்கும் வரும். மூணையும் சின்ன உரல்ல போட்டு இடிக்கணும், மிக்சி வேண்டாம், மிக்சில மாவாயிடும், ரசம் கலங்கிடும். மிளகு ஒண்ணு நாலா உடையணும், பூண்டு நசுங்கணும், அவ்ளோதான். எலுமிச்சம்பழத்துல பாதி அளவு புளி கரைச்சு மஞ்சத்தூள் உப்பு போட்டு பச்ச வாசனை போக நல்லா கொதிக்க விட்டு, பருப்ப தண்ணியா இல்லாம மசிச்சு கெட்டியாவே ஒரு கரண்டி விட்டு, கடைசியா இடிச்சத போட்டு நுரை வந்ததும் அடுப்ப அணைக்கணும். நெய்ல கடுகு, பெருங்காயம், ஒரு காஞ்ச மிளகா, கருவேப்பிலை. தாளிச்ச கையோட அத நேரா ஃப்ளாஸ்க்ல ஊத்திடணும், பாத்திரத்துல விட்டா பத்து நிமிஷத்துல ஆறிப்போகும். ஃப்ளாஸ்க்குள்ள மிளகு அடங்கி அடங்கி ஊறும், அரை மணி கழிச்சு டம்ளர்ல ஊத்தும்போது வர்ற ஆவி இருக்கே, மூக்குல ஏறி கண்ணுல தண்ணி வந்து அப்புறம்தான் தொண்டைக்குப் போகும். குழைய வடிச்ச சாதம், இந்த ரசம், தணல்ல சுட்ட அப்பளம். அப்பளத்த மட்டும் கடைசி நிமிஷத்துல சுடணும், மூடுபனி வந்துட்டா தட்டுல வச்சு திரும்பறதுக்குள்ள நமுத்து துணி மாதிரி ஆயிடும்.

தணல்னு சொன்னதும் ஒண்ணு சொல்லிடறேன். சாயங்காலம் வாசத்திண்ணைல இரும்பு சட்டில கரி போட்டு குளிர் காய்வோம், அதுல உருளைக்கிழங்க தோலோட புதைச்சு விட்டு உப்பும் மிளகுத்தூளும் தொட்டு சாப்பிடறது இந்த ஊரோட பெரிய சுகம். ஆனா அந்த சட்டிய தூக்கிட்டு வந்து ரூமுக்குள்ள வச்சு கதவ சாத்தி தூங்கிடாதீங்க. அதுல வர்ற விஷக்காத்துக்கு வாசனையும் கிடையாது, புகையும் தெரியாது, தூக்கத்துலயே ஆள கொண்டு போயிடும். டூர் வர்றவங்க நிறைய பேருக்கு இது தெரியறதில்ல.

காய்கறி இங்க கொள்ளை. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பட்டாணின்னு மண்ணு காயாம வரும். முதல் தடவ உழவர் சந்தைல "மேரக்காய் வேணுமா"ன்னு கேட்டப்போ ஏதோ மலைக்காட்டு காய்னு ஆர்வமா வாங்கிட்டு வந்து பிரிச்சா நம்ம சௌசௌ. ஏமாந்தாலும் கூட்டு நல்லா வந்துச்சு. ஆனா இந்த ஊர் சாப்பாட்ட எனக்கு காட்டுனது சந்தை இல்ல, மேல் வீட்டு பாட்டி. படகர் வீடு, இந்த நீலகிரி மலையோட ஒரு சமூகம் அவங்க, பாட்டிக்கு எழுவது வயசுக்கு மேல இருக்கும், வெள்ளை சீலைய குறுக்க கட்டி தலைல முண்டாசு. நான் ரெண்டு நாள் காய்ச்சல்ல லீவு போட்டு படுத்திருந்தப்போ பேத்தி கையில ரெண்டு தூக்கு குடுத்து விட்டாங்க, ஒண்ணத் திறந்தா அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, இன்னொண்ணுல ராகிக் களி உருண்டை, அவங்க பாஷைல ஹிட்டு, நடுவுல குழி பண்ணி அதுல நெய். நான் பாட்டுக்கு பிச்சு வாய்ல போட்டு மென்னுட்டு இருக்கேன், பின்னாடியே பாட்டி வந்து நிக்கிறாங்க. "தம்பி, ஹிட்ட மெல்லக்கூடாது. பல்லுல ஒட்டும். குழம்புல முக்கு, முழுங்கு." அதட்டின அதட்டல்ல முழுங்கினேன். உருண்டை தொண்டைல இறங்கி நெஞ்சு வழியா வயித்துக்குப் போற வரைக்கும் எங்க இருக்குன்னு விரல் வச்சு காட்டலாம், அப்படி ஒரு சூடு. சாதம் இந்த குளிர்ல தட்டுலயே ஆறிடும், களி ஆறாது, வெளில தோல் கட்டிக்கிட்டு உள்ள சூட்ட பிடிச்சு வச்சுக்கும். அந்த குழம்புப் பொடில என்ன இருக்குன்னு கேட்டேன், மல்லி மிளகா எல்லாம் வறுத்து அரைப்போம்னு பாதி சொல்லிட்டு, மீதிக்கு "தீர்ந்தா வந்து வாங்கிக்க"ன்னுட்டாங்க. இன்னி வரைக்கும் வாங்கிட்டுதான் இருக்கேன்.

வர்க்கிய பத்தி, அதான் டீல நனைச்சு சாப்பிடற மொறுமொறு பிஸ்கட் மாதிரி பேக்கரி பண்டம், அத பத்தி பேசாம விட்டா ஊட்டிக்காரங்க கோச்சுப்பாங்க. 2023ல புவிசார் குறியீடு கூட வாங்கியாச்சு. விறகடுப்புல சுட்ட வர்க்கிய டீல ஒரு பக்கம் மட்டும் நனைச்சு மறுபக்கம் மொறுமொறுன்னு இருக்கும்போதே கடிக்கணும், முழுசா முக்கினா டம்ளர் அடில கூழ்தான் மிஞ்சும். ஊருக்கு வாங்கிட்டுப் போனா அதே வர்க்கி சுமாராத்தான் இருக்கு, டீயும் சுமாராத்தான் இருக்கு, வேர்த்துக்கிட்டே சாப்பிடற சாப்பாடு இல்ல அது.

போன தை மாசம் அம்மா பத்து நாள் தங்கற மாதிரி வந்தாங்க. அவங்க வந்த மறுநாள் காலைல உறைபனி, கதவ திறந்தா புல்லு பூரா கோலமாவ கொட்டி வச்ச மாதிரி வெள்ளையா கிடக்கு, அம்மா அத மிதிக்கவே மாட்டேன்னு நின்னாங்க. அன்னிக்கு சமையலுக்கு "நீ தள்ளு, நான் பாத்துக்கறேன்"னு மூணு விசில்ல குக்கர நிறுத்தினாங்க. நான் ஒண்ணும் சொல்லல. திறந்து கரண்டில நசுக்கிப் பாத்துட்டு என்னைய பாத்தாங்க. "பழைய பருப்பா இருக்கும்மா, கடைக்காரன் தலைல கட்டிட்டான்"னேன். கரண்டியாலயே அடிக்க வந்தாங்க. ராத்திரி என் ரசத்த ஃப்ளாஸ்க்ல இருந்து ஊத்திக் குடுத்தேன், சால்வைக்குள்ள இருந்து கைய மட்டும் நீட்டி டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, குடிக்காம ரொம்ப நேரம் கன்னத்துல வச்சிருந்தாங்க. அப்புறம் குடிச்சுட்டு "உப்பு கம்மி"ன்னாங்க, இன்னொரு டம்ளர் வாங்கிக்கிட்டாங்க.

குல்லா எங்கடான்னு மூணாம் நாள்தான் கேட்டாங்க. அரிசி டின்ன திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல, காசு குடுத்து வாங்கினது அதுன்னு மட்டும் ஒரு தடவ முணுமுணுத்தாங்க. ஊருக்கு கிளம்பற அன்னிக்கு பாத்தா குல்லாவ வெந்நீர்ல துவைச்சு வெயில்ல காயப் போட்டிருக்காங்க, கண்ணு ஓட்டைய ஊசி நூலால நெருக்கமா தச்சு அடைச்சிருக்காங்க. "சூடு அது வழியாத்தான்டா போகுது"ன்னாங்க. இப்ப மாவு பதினெட்டு மணி நேரத்துலயே பொங்கிடுது.