ஏற்காட்டு மூடுபனிக்கு ஒரு பஸ்ஸர், தறிச் சத்தத்துக்கு ஒரு விளக்கு

தனி ஆளாக உட்கார்ந்து கருவி செய்கிறவருக்குச் சேலத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. மேலே மலையில் மூடுபனி, கீழே தறிச் சத்தம். இரண்டுக்கும் ஒவ்வொரு சின்னக் கருவி போதும்: கார் லைட்டை அணைக்க மறந்தால் கத்தும் பஸ்ஸர் ஒன்று, போன் மணி அடித்தால் எரியும் விளக்கு ஒன்று. கழற்றி எடுத்தால் காரும் போனும் பழையபடி ஓட வேண்டும், இதுதான் நான் பார்க்கும் முதல் தகுதி. ஒயரை வெட்டி நடுவே புகுத்திய கருவி கெட்டால் வண்டியையும் சேர்த்து நிறுத்திவிடும்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பட்டப்பகலிலும் ஹெட்லைட் போட வேண்டி வரும். ஏரிப் பக்கம் போய்ச் சேரும்போது வெயில் அடித்தால் லைட் எரிவது தெரியாது, அப்படியே பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 55 வாட் பல்பு இரண்டும் பின்விளக்குகளும் சேர்ந்து ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். புது வண்டிகளில் எச்சரிக்கை ஒலி கம்பெனியிலிருந்தே வருகிறது. அது இல்லாத பழைய வண்டிக்குத்தான் இந்த பஸ்ஸர்.

தேவையானவை: 12 வோல்ட் பஸ்ஸர், ஐந்து கால் ஆட்டோ ரிலே (கரன்ட்டால் மாறும் சுவிட்ச்), 1என்4007 டயோடு (கரன்ட்டை ஒரே திசையில் விடுவது), 1 ஆம்பியர் ஃபியூஸ். ரிலேயில் 85 என்று எண் போட்ட காலை இக்னிஷன் போட்டால் மட்டும் கரன்ட் வரும் லைனிலும், 86-ஐ பாடி எர்த்திலும் கொடுங்கள். 30-ஐ ஃபியூஸ் வழியாகப் பார்க்கிங் லைட் ஒயரில் கொடுங்கள். சாவியை அணைத்திருக்கையில் 30-உடன் சேர்ந்திருக்கும் 87ஏ-யிலிருந்து பஸ்ஸரின் பிளஸ். பஸ்ஸரின் மைனஸிலிருந்து டயோடு வழியாக டிரைவர் கதவுச் சுவிட்ச் ஒயர். டயோடின் கோடு போட்ட முனை சுவிட்ச் பக்கம் இருக்கட்டும். சாவியை அணைத்து, லைட் எரிய, கதவைத் திறந்தால்தான் கத்தும்.

87ஏ-க்குப் பதில் 87-ல் மாட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும்: சாவி போட்டிருக்கும்போது கத்தும், அணைத்தால் வாய் மூடிக்கொள்ளும். டயோடை விட்டுவிட்டால், கதவு மூடியிருக்கையில் கூரை விளக்கு வழியாக வரும் 12 வோல்ட் பஸ்ஸருக்குள் எதிர்த்திசையில் பாயும். மலை ஈரத்தில் கதவுச் சுவிட்ச் பச்சை பூத்துப் போவதும் சகஜம், உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகும்.

ரிலே இல்லாமல், லைட் ஒயருக்கும் இக்னிஷன் ஒயருக்கும் நடுவே பஸ்ஸரையும் டயோடையும் மட்டும் போடும் எளிய முறையும் உண்டு. நான் அதைச் சொல்ல மாட்டேன். மூடுபனியில் வண்டியை ஓரங்கட்டிப் பார்க்கிங் லைட்டை வேண்டுமென்றே எரியவிடும்போதும் அது ஓயாமல் கத்தும், வண்டிக்காரர் ஒரே வாரத்தில் ஒயரைப் பிடுங்கிவிடுவார்.

இனி போன். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓடும் வீட்டில் லேண்ட்லைன் மணி காதில் விழாது. மணி அடிக்கும்போது லைனில் சுமார் 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் ஏசி வருகிறது. ஒரு எல்இடியை எரிக்க அதுவே தாராளம், தனி பேட்டரி வேண்டாம். 0.47 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் பாலியஸ்டர் கெபாசிட்டர், 10 கிலோ ஓம் 1 வாட் ரெசிஸ்டர், அடுத்து ஒன்றுக்கொன்று பக்கவாட்டில், எதிரெதிர்த் திசையில் இணைத்த இரண்டு பளிச்சென்ற சிவப்பு எல்இடிகள். இவ்வளவும் தொடராக, போனுக்குப் பக்கவாட்டில் லைனின் இரு ஒயர்களுக்கும் குறுக்கே. நாலரை மில்லி ஆம்பியர் ஓடும். ஒற்றை எல்இடி போட்டால் எதிர் அரைச்சுற்றில் உடைந்துவிடும், அதனால்தான் இரண்டு.

கெபாசிட்டரின் வேலை லைனில் எப்போதும் நிற்கும் 48 வோல்ட் டிசியைத் தடுப்பது. எலக்ட்ரோலிட்டிக் வகை இங்கே ஆகாது. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் மீட்டர் வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் இறங்கினால் கெபாசிட்டர் கசிகிறது என்று அர்த்தம், உடனே கழற்றுங்கள்.

பட்டறை முழுக்கத் தெரிய வேண்டுமானால் எல்இடிகளில் ஒன்றின் இடத்தில் பிசி817 ஆப்டோகப்ளரின் (இரு பக்கத்தையும் ஒளியால் மட்டும் இணைக்கும் சில்லு) உள்ளீட்டைப் போட்டு, அதன் வெளியீட்டால் பிசி547 டிரான்சிஸ்டரையும் 12 வோல்ட் ரிலேயையும் ஓட்டி 230 வோல்ட் விளக்கை எரியவிடலாம். ஆப்டோ அரைச்சுற்றில் மட்டுமே திறப்பதால் ரிலே கடகடக்கும். ஆப்டோவின் எமிட்டரில் 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அங்கிருந்து டிரான்சிஸ்டரின் பேஸுக்கு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் கொடுத்தால் அடங்கும். நம் ஊர் மணி 0.4 நொடி அடித்து, 0.2 நொடி விட்டு, மறுபடி 0.4 நொடி அடித்து, 2 நொடி ஓய்கிறது. அந்தச் சின்ன இடைவெளியிலும் விளக்கு அணையாது.

ஒயரைத் தொடுமுன் ரிசீவரை எடுத்துக் கீழே வையுங்கள். லைன் சுமார் 10 வோல்டுக்கு இறங்கிவிடும், மணியும் வராது. மலைமேல் எஸ்டேட் வீடுகளுக்கு ஒயர் திறந்தவெளியில் வெகுதூரம் வருவதால் மின்னலுக்கு அஞ்ச வேண்டும். மூன்று கால் 230 வோல்ட் வாயுக்குழாய் அரெஸ்டரை லைன் நுழையும் இடத்தில் நல்ல எர்த்துடன் பொருத்துங்கள். இடி இடிக்கும்போது கை வைக்கவே வேண்டாம்.

இந்தச் சர்க்யூட்டுகள் பழையவை, இவற்றுக்குக் காப்புரிமை கேட்க இடமில்லை. இவற்றின் மேல் புதிதாக எதையாவது கண்டால், இணையத்தில் படம் போடுவதற்கு முன் கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குத் தற்காலிக விவரக்குறிப்பு அனுப்புங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.