கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஆட்டிசம் பரிசோதனைக்குப் போகும்போது

கேரளத்தின் பாலக்காடு மாவட்ட எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் வீட்டில் தமிழ், அங்கன்வாடியிலும் ஆஸ்பத்திரியிலும் மலையாளம். இந்த ஊர்க் குழந்தைகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் வீடுகளுக்குத் துணையாகப் போய்வருபவர்கள் நாங்கள். கேள்வி எந்த மொழியில் வந்தது, பதில் சொன்னது யார், குழந்தை ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தே ஆட்டிசம் சீக்கிரமோ தாமதமாகவோ தெரியவருகிறது.

முதல் சல்லடை எம்-சாட்-ஆர் (M-CHAT-R) என்ற கேள்வித்தாள். 16 முதல் 30 மாதக் குழந்தைக்கு, ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லும் 20 கேள்விகள். 17 கேள்விகளில் ‘இல்லை’ என்றால் ஒரு மதிப்பெண். 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளில் மட்டும் ‘ஆமாம்’ என்றால் ஒரு மதிப்பெண்: காது கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்ததா, கண்ணருகே விரல்களை விசித்திரமாக ஆட்டுகிறதா, அன்றாடச் சத்தங்களுக்கு மிரள்கிறதா. கூட்டு 2 வரை என்றால் கவலை குறைவு. 3 முதல் 7 என்றால் விவரமாக இரண்டாம் சுற்றுக் கேள்விகள்; அதிலும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் நிபுணரிடம் அனுப்பவேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே நிபுணர்.

தவறு நடப்பது இங்கேதான். மலையாளம் பாதி புரிந்த அம்மா, நர்ஸ் முன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார். எல்லாம் ‘ஆமாம்’ என்றால் கூட்டு சரியாக 3. அந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டும் வாய்தவறி ‘இல்லை’ வந்தால் 2 ஆகிவிடும், குழந்தையும் வீட்டுக்குப் போய்விடும். அதனால் தமிழ்த் தாளையே கேட்டு வாங்குங்கள். ‘விரலால் காட்டுவானா?’ என்பதற்கு, பிஸ்கட் வேண்டும் என்று காட்டுவது வேறு, ‘அங்க பாரு, காக்கா’ என்று உங்களுக்காகக் காட்டுவது வேறு. இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

இரண்டு மொழி கேட்பதால்தான் பேச்சு வரவில்லை என்று சொல்லி ஆறு மாதம் கழித்து வரச்சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இருமொழி ஆட்டிசத்தை உண்டாக்காது. சொற்களை எண்ணும்போது தமிழையும் மலையாளத்தையும் சேர்த்தே எண்ணவேண்டும். கூப்பிட்டால் திரும்பாமை, சுட்டிக்காட்டாமை எந்த மொழியிலும் ஒன்றுதான்.

பெண் குழந்தை என்றால் இன்னும் விழிப்பு வேண்டும். ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண் என்பதே நெடுநாள் கணக்கு. 2017-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு அதை மூன்றுக்கு அருகில் கொண்டுவந்தது. விடுபடும் பெண்கள் அதிகம் என்பதே அதன் பொருள். நம் பக்கத்தில் ‘அடக்கமான புள்ள’ என்ற பாராட்டிலேயே இரண்டு வருடம் போய்விடுகிறது. வசதியும் அப்படித்தான் கணக்கை மாற்றும். அமெரிக்காவில் வெள்ளையர் குழந்தைகளிடம்தான் அதிகம் என்று பல்லாண்டு தெரிந்தது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் கறுப்பின, ஹிஸ்பானிக், ஆசியக் குழந்தைகள் முந்தினார்கள். பரிசோதனை அந்த வீடுகளையும் எட்டியதுதான் முக்கியக் காரணம்.

யார் கூட வருவது? பகலில் குழந்தையை வைத்திருப்பவர். அப்பா அம்மா வேலைக்குப் போனால் அம்மாயியையே கூட்டி வாருங்கள். சாப்பாடு, விளையாட்டு, அழுகை என்று இரண்டு நிமிட வீடியோ மூன்று இருக்கட்டும். பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டையும் வேண்டும். காது பரிசோதனையை முதலிலேயே முடித்துவிடுங்கள். அதில் பெரா (BERA) என்பது, சத்தத்துக்கு மூளை காட்டும் அலைகளை அளக்கும் சோதனை; அதற்குக் குழந்தை தூங்கவேண்டும். முந்தின இரவு தாமதமாகத் தூங்கவைத்தால் அலைச்சல் மிச்சம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு ஐசா (ISAA) என்ற இந்திய ஆட்டிசம் அளவுகோல்: 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. கூட்டு 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை என்று எழுதுவார்கள். மானத்துக்குப் பயந்து ‘அவ்வளவா இல்லீங்க’ என்று குறைத்துச் சொன்னால் தகுதியே போய்விடும். மோசமான நாளையும் சொல்லுங்கள்.

ஆதார் பாலக்காடு, சிகிச்சை கோவை என்றால் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 2017 விதிகளின்படி, வசிக்கும் மாவட்டத்திலோ சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலோ விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் நாடு முழுதும் செல்லும். மாநில உதவித்தொகை மட்டும் முகவரியைப் பார்க்கும். விண்ணப்பம் போட்டதும் பேச்சுப் பயிற்சியையும் தொடங்கிவிடுங்கள், அதற்கு எந்த அட்டையும் தேவையில்லை.