வீட்டைக் காலி பண்ணும்போது
பல வருஷம் வாழ்ந்த வீட்டை விட்டு வெகுதூரம் போறவங்க பரணிலிருந்து ஆரம்பிங்க. சமையலறை கடைசி.

புத்தகங்களுக்குச் சின்னப் பெட்டிதான், 15 கிலோவுக்கு மேல் வேண்டாம், அடி பிய்ந்துவிடும். பீங்கான் தட்டுகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி, நிமிர்த்தி நிறுத்துங்க. படுக்க வைத்தால் மேலே இருக்கிற எடை மொத்தமும் அடித்தட்டில் இறங்கும், வண்டி குலுங்கினதும் விரிசல் விடும். மூடிய பெட்டியை லேசாக ஆட்டிப் பாருங்க. சத்தம் வந்தால் இடைவெளியில் பழைய துணியைத் திணிங்க.

ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்து, கதவைத் திறந்துவைத்துக் காயவிடுங்க. முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷினுக்கு டிரான்சிட் போல்ட் (டிரம்மை ஆடாமல் பிடித்துக்கொள்கிற திருகாணிகள்) மாட்டணும், இல்லாவிட்டால் டிரம் ஆடியே கெட்டுப்போகும்.

பெட்டியில் என்ன இருக்குன்னு பக்கவாட்டில் எழுதுங்க. அடுக்கினபிறகு மேல்பக்கம் தெரியாது.

பத்திரங்களும் பழைய போட்டோ ஆல்பங்களும் மட்டும் தயவுசெய்து லாரியில் வேண்டாம், உங்க கையிலேயே வரட்டும்.