சக்கர நாற்காலியில் அம்மாவும் டர்பன் கடற்கரையும்

முழங்கால் தேய்ந்துபோன அம்மாவை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள உஷாகா மரைன் வேர்ல்டு என்ற கடல்சார் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதென்றால், விடுமுறைக் கூட்டம் அலைமோதும் டிசம்பரைத் தவிர்த்து, வெயிலும் புழுக்கமும் தணிந்த ஜூன் மாதத்துப் பள்ளி நாளொன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. 2004-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பூங்காவின் நீர்ச்சறுக்குகளுக்குப் பேரப்பிள்ளைகள் போகட்டும். அம்மாவுக்கு உகந்தது, கரைதட்டிய பழைய சரக்குக் கப்பலைப் போல் அமைக்கப்பட்ட மீன் காட்சியகம்தான்.

சரிவில் சக்கர நாற்காலியை முன்னோக்கித் தள்ளினால் அமர்ந்திருப்பவர் முன்னால் சாய்ந்துவிடுவார் என்பதால், நாற்காலியைத் திருப்பி, நானும் பின்னோக்கி நடந்தபடியே மெதுவாக இறக்கினேன். புடவை முந்தானை சக்கரத்தில் சிக்காதபடி மடியில் சுருட்டி வைத்துக்கொள்ளச் சொல்வதும் அவசியம். (அம்மாவுக்கு இந்த அதிகாரம் பிடிப்பதில்லை.) கண்ணாடிக்கு அப்பால், கோணல்மாணலான பற்கள் வெளியே துருத்தி நிற்க நீந்திய சுறாவை வெகுநேரம் பார்த்தவர், "இதுக்கும் பல்செட்டு சரியா பொருந்தல போல, தம்பி" என்றார்.

டால்பின் காட்சிக்கு அவர் வர மறுத்துவிட்டார். சமதளமான கடற்கரை நடைபாதைக்குத் தள்ளிப் போகச் சொன்னார். பொது இடங்களை நிறவாரியாகப் பிரித்த 1953-ஆம் ஆண்டுச் சட்டம் 1990-இல்தான் நீக்கப்பட்டது. அவருடைய இளமைக் காலத்தில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்த கரைகளில் இந்தியர் கால் வைக்க முடியாது. அந்தக் கரைகள் ஒவ்வொன்றையும் விரல்நீட்டிக் காட்டி, அங்கெல்லாம் நிறுத்தச் சொன்னார். எனக்குத் தோள் வலித்தது, அவருக்கு அலுக்கவில்லை.